மூணாவது வளைவு

மே 9

நாங்க பாத்துக்கற மலைப்பாதையோட மூணாவது வளைவு. திரும்பவும் அதேதான். நடுப்பாதையில தண்ணி அறுத்த பள்ளம் முழங்கால் ஆழத்துக்கு வந்துருச்சு, வேரெல்லாம் வெளிய தொங்குது, கல்லு உருளுது. பள்ளத்துல கால் வைக்க பயந்து எல்லாரும் ஓரமா நடந்து நடந்து பக்கத்துல இன்னொரு பாதை, அதுக்கும் பக்கத்துல இன்னொண்ணு, இப்ப நாலு பாதை ஓடுது. செடி எதுவும் மிச்சமில்ல. நடக்கறவங்கள திட்டி பிரயோஜனம் இல்ல, காலுக்கு எது சுலபமோ கால் அங்கதான் போகும். காஞ்ச, உறுதியான ஒரு தடம் குடுத்தா தானா அதுலயே நடப்பாங்க. மழைக்கு முன்னாடி குடுத்தாகணும்.

மே 10

எங்களுக்கு இந்த வேலையச் சொல்லிக் குடுத்த சாரோட ஆபரேஷனுக்கு தேதி இன்னும் சொல்லல.

மே 13

இன்னைக்கு பூரா சாய்வு அளந்தோம். மண்வெட்டியத் தொடவே இல்ல, புதுசா வந்திருக்கற தம்பிக்கு அதுல கொஞ்சம் வருத்தம், வேலை செய்ய வந்தேன் அக்கா, கொடி கட்டிட்டு நிக்கறோமேன்னான். ஆனா கொடி கட்டறதுதான் வேலையே, புதுப் பாதை எங்க போகணும்னு அதுதான் காட்டும். பழைய பாதை அந்த எடத்துல மலைச்சரிவோட நேரா கீழ எறங்குது, தண்ணியும் அப்படித்தான் எறங்கும், ரெண்டு பேருக்கும் ஒரே வழின்னா தண்ணிதான் ஜெயிக்கும். சார் சொல்லிக் குடுத்த பாதிக் கணக்கு இதுக்குத்தான். மலைச்சரிவு 40 சதவீதம்னா பாதையோட ஏத்தம் 20-ஐத் தாண்டக்கூடாது, தாண்டினா பாதையே வாய்க்கா ஆயிரும். அதுக்குன்னு 20 வரைக்கும் போகலாம்னும் இல்ல, மொத்தமா சராசரி 10 சதவீதத்துக்குள்ள இருந்தா மண்ணு நிக்கும், வயசானவங்களும் ஏறுவாங்க. சாய்வு அளக்கற கிளினோமீட்டர வச்சு ஒருத்தர் கண்ணு மட்டத்துல பாக்க இன்னொருத்தர் முன்னாடி போய் நிக்க, புதருக்குள்ள பூந்து பூந்து சாயங்காலம் வரைக்கும் கொடி கட்டினோம். தம்பி கடைசில தானாவே ஒரு கொடிய அவுத்து ரெண்டடி மேல கட்டினான். சரியான எடம்.

ராத்திரி சாரோட பொண்ணு அக்காவுக்கு போன் பண்ணேன். சார் தூங்கிட்டாராம். மூச்சு வாங்கறது குறைஞ்சிருக்கான்னு கேட்டேன், அப்படியேதான் இருக்குன்னாங்க.

மே 14

மேல்மண்ண வழிச்சு எடுக்கற வேலை. இலைமக்கு, வேர்ச்சல்லடை, கருப்பு மண்ணு எல்லாத்தையும் எடுத்துட்டு கீழ இருக்கற கெட்டி மண்ணு தெரியற வரைக்கும் போகணும். அந்த கருப்பு மண்ணு பாக்க அழகா இருக்கும், ஆனா தண்ணியக் குடிச்சு வச்சுக்கும், அதுமேல பாதை போட்டா முதல் மழையிலயே சேறு. எடுத்ததை தூர எறியல, மூடப்போற பழைய பாதைக்கு வேணும்.

சாரோட புலாஸ்கி என் கையில. ஒரு பக்கம் கோடாலி, ஒரு பக்கம் கொத்து. 1910-ல அமெரிக்காவுல ஐடஹோ காட்டுத்தீயில தன்னோட ஆளுங்கள ஒரு சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் பெரும்பாலானவங்கள காப்பாத்தின ரேஞ்சர் எட் புலாஸ்கி பேருதான் இந்தக் கருவிக்கு. சார் இந்தக் கதைய யாருகிட்டயும் ஒருதடவை மட்டும் சொன்னதில்ல. பிடியில அவரு கை வச்சு வச்சு வழவழப்பா ஆயிருக்கு, என் கை அதைவிட சின்னது, அதனால அவரு பிடிச்ச எடத்துக்கு கொஞ்சம் கீழ பிடிக்கறேன். வேற எதுவும் தோணல அப்ப. இப்ப எழுதும்போதுதான் தொண்டை அடைக்குது.

மே 15

விரல் மடங்கல. நாளைக்கு லீவு.

மே 18

கல்லு கல்லு கல்லு. வளைவோட வெளிப்பக்கம் தாங்குசுவர். சிமென்ட் கிடையாது, இருக்கவும் கூடாது, சந்துல தண்ணி கசிஞ்சு வெளிய போகணும், அடைச்சுட்டா பின்னாடி தண்ணி தேங்கி சுவரையே தள்ளிரும். அடிக்கல்லு இருக்கறதுலயே பெருசு, கெட்டி மண்ணு வரைக்கும் தோண்டி, மலைப்பக்கமா லேசா சாய்ச்சு உக்கார வைக்கணும். மேல போகப்போக சுவரும் உள்ளுக்குள்ள சாயணும், ஒரு மீட்டர் உயரத்துக்கு கால் மீட்டர். ஒரு கல்லு ரெண்டு கல்லு மேல உக்காரணும், சந்துக்கு மேல சந்து வரக்கூடாது. கல்லோட நீளப்பக்கம் மலைக்குள்ள போகணும், அகலத்தை முன்னாடி காட்டி அழகு பாத்தா ரெண்டு வருஷத்துல வெளிய துருத்தும். பின்னாடி ரொப்பறது மண்ணு இல்ல, சின்னக்கல்லு.

நாலு பேரு கடப்பாரை போட்டு நெம்பி ஒரு கல்ல பத்தடி நகத்த மதியம் ஆயிருச்சு. வச்சு, மேல ஏறி நின்னு பாத்தேன், ஆடுச்சு. எடுத்து, அடியில செதுக்கி, திரும்ப வச்சோம், லேசா ஆடுச்சு. அடியில சில்லுக்கல்லு சொருகலாம்னு தம்பி சொன்னான், முன்பக்கத்துல இருந்து சொருகற சில்லு எப்ப வேணா உருவிட்டு வந்துரும், பின்னாடி இருந்துதான் சொருகணும். மூணாவது தடவை உக்காந்துச்சு. உக்காந்தா தெரியும், காலுக்குக் கீழ சத்தமே மாறும். எல்லாரும் ஒவ்வொருத்தரா ஏறி குதிச்சோம். இந்த மாதம் முழுக்க நான் சந்தோஷமா இருந்த பத்து நிமிஷம் அது.

மே 20

தேதி சொல்லிட்டாங்க. ஜூன் 6.

வானிலையும் மழை ஜூன் முதல் வாரம்னுதான் சொல்லுது.

மே 22

யாரோ வளைவுக்கு நடுவுல நேரா எறங்கிப் போயிருக்காங்க. ஒருத்தர் இல்ல, ஒரு கூட்டம். புதுசா வெட்டின ஓரம் நசுங்கி மண்ணு சரிஞ்சு கிடக்கு. கோவம் கோவமா வருது. பத்தடி மிச்சம் புடிக்க ஒரு சரிவையே காலி பண்ணிட்டுப் போறாங்க, அந்தக் கால் தடத்துல அடுத்த மழைத்தண்ணி எறங்கும், அது ஓடையாகும், அப்புறம் அந்த ஓடை நம்ம சுவருக்கு அடியில வந்து தோண்டும். மே 9-ல நடக்கறவங்கள திட்டக்கூடாதுன்னு எழுதிருக்கேன். இருக்கட்டும். இன்னைக்கு திட்டறேன்.

மதியத்துக்கு மேல கோவம் தணிஞ்சு வேலைய ஆரம்பிச்சோம். மேல் தடத்துல இருந்து கீழ் தடம் கண்ணுக்குத் தெரியறதாலதான் குறுக்கால எறங்கத் தோணுது. நடுவுல பாறை ரெண்ட உருட்டி வச்சு, வெட்டின முள்கிளை, காஞ்ச மரம் எல்லாத்தையும் போட்டு அடைச்சோம். சும்மா மேல வீசினா இழுத்துப் போட்டுட்டு போயிருவாங்க, அதனால கிளைகள நட்டு நிறுத்தி, செத்த மரத்தோட பாதிய மண்ணுக்குள்ள புதைச்சோம். பழைய நாலு பாதைக்கும் இதே வைத்தியம். முதல்ல கெட்டிச்சுப் போன தரைய கொத்திக் கிளறி, அன்னைக்கு எடுத்து வச்ச கருப்பு மண்ண பரப்பி, குறுக்க குறுக்க கல்லு பதிச்சு. இல்லன்னா பாதைய மூடினாலும் தண்ணி அதுலதான் ஓடிட்டிருக்கும், தண்ணிக்கு நம்ம போர்டு படிக்கத் தெரியாது.

மே 25

மேகம். சுவர் இன்னும் ரெண்டு வரிசை பாக்கி.

மே 26

மேகம் கலைஞ்சுருச்சு. ஒரு வரிசை.

மே 27

சாரப் பாக்கப் போனேன். ரொம்ப மெலிஞ்சிட்டாரு. வாங்கம்மான்னு சொல்லி முடிக்கவே மூச்சு வாங்குது. போட்டோ காட்டினேன், சுவர் போட்டோவ சீக்கிரமா தள்ளிட்டு, தண்ணி எங்கம்மா வெளிய போகுதுன்னு கேட்டாரு. இன்னும் மழை வரல சார்னேன். வரலன்னா என்ன, எங்க போகும்னு சொல்லுங்கன்னாரு. கட்டில் விரிப்புல விரலால வரைஞ்சு காட்டினேன். மேல் தடம் வளைவுக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு எறக்கம் குடுத்து திரும்ப ஏத்தறோம், அங்கயே பாதித் தண்ணி வெளியேறிரும். வளைவுக்குள்ள மேல் தடத்தை மட்டும் உள்பக்கமா சாய்ச்சு, சின்ன வாய்க்கா எடுத்து, வளைவோட பின்னாடி வழியா காட்டுக்குள்ள விட்டுடறோம், கீழ் தடத்துக்கு ஒரு சொட்டு வரக்கூடாது. கீழ் தடம் வெளிப்பக்கமா வாட்டம், 5 சதவீதம். மொட்டைமாடித் தளத்துக்கு வாட்டம் குடுக்கற மாதிரிதான், ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர். அவரு கண்ண மூடிட்டு கேட்டாரு. வாய்க்கா போய்ச் சேர்ற எடத்துல கல்லு பரப்பினீங்களான்னாரு. இல்ல சார், நாளைக்குப் பரப்பறேன்னேன்.

அப்புறம் அமெரிக்காவுல இருக்கற அப்பலேச்சியன் நடைபாதை பத்தி அவரேதான் ஆரம்பிச்சாரு. பென்டன் மெக்காய் 1921-ல ஒரு கட்டுரையில எழுதின யோசனை, 1937-ல முழுப்பாதையும் சேந்துருச்சு, கிட்டத்தட்ட 3,500 கிலோமீட்டர், இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலும் வாலன்டியருங்கதான் பாத்துக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டு. 2024 செப்டம்பர்ல ஹெலீன் புயல் அடிச்சு மரமெல்லாம் பாதை மேல விழுந்து கிடந்தப்ப ரம்பத்தை எடுத்துட்டு வந்தவங்களும் அவங்கதான். துண்டு துண்டாத்தான் நிக்குதும்மா அவ்வளவு பெரிய பாதைன்னாரு. நம்ம துண்டு இனிமே உங்க துண்டுன்னு சொல்லிருவாரோன்னு எனக்கு பயமா இருந்துச்சு. சொல்லல. அக்கா வந்து போதும்ப்பான்னாங்க, கிளம்பிட்டேன்.

மே 28

வாய்க்கா வாய்ல கல்லு பரப்பியாச்சு.

மே 30

மரக்கட்டை குறுக்க போட்டு, தண்ணியப் பாதைக்கு வெளிய திருப்பி விடற வாட்டர் பார் வைக்கலாம்னு ஒரு பேச்சு. ஒரே நாள்ல ஆறு வச்சிரலாம், பாக்கவும் வேலை நடந்த மாதிரி இருக்கும். எனக்கு இஷ்டமில்ல. பாதைக்கு செங்குத்தா போட்டா தண்ணி அதுல முட்டி நின்னு மண்ண எறக்கிட்டு மேலயே தாண்டிப் போகும், அதனால சாய்ச்சு போடணும், 45 டிகிரிக்குக் குறையாம, அப்பதான் தண்ணி தானே மண்ண அலம்பிட்டுப் போகும். சாய்ச்சாலும் வருஷா வருஷம் பின்னாடி சேர்ற வண்டல அள்ளணும், கட்டை உளுத்துப்போகும், ஈரத்துல வழுக்கும், ஆளுங்க அதைச் சுத்தி நடந்து திரும்ப பாதைய அகலமாக்குவாங்க. பாதையவே எறக்கி ஏத்தி விட்டுட்டா அடைக்க ஒண்ணும் இல்ல, நடக்கறவங்களுக்கு அங்க ஒரு வேலை நடந்ததே தெரியாது. ரொம்ப நேரம் பேசினோம். பழைய செங்குத்துப் பகுதியில மட்டும், வேற வழியே இல்லாத ரெண்டு எடத்துல, கட்டைக்குப் பதிலா கல்லு. மூணுல ரெண்டு பங்கு மண்ணுக்குள்ள. அதுக்கு நானும் சரின்னேன்.

நல்ல ஆளுங்க. வெயில்ல நின்னு சண்டை போட்டுட்டு எல்லாரும் சேந்து கருவிய சுமந்துட்டு எறங்கினோம், வழக்கம்போல பள்ளப்பக்கத்துக் கையில, ஒருத்தருக்கொருத்தர் பத்தடி தள்ளி.

ஜூன் 2

சுவர் முடிஞ்சுது. மழை இல்ல. காத்திருக்கறது மட்டும்தான். ரெண்டுக்கும்.

ஜூன் 3

தூக்கம் வரல. மேல் தடத்துல அந்த எறக்கம் பத்தாதோன்னு ஓடிட்டே இருக்கு. ஆழம் போதும், நீளம்? ரொம்ப குட்டையா இருந்தா வண்டல் சேந்து ஒரே மழைக்காலத்துல மட்டமாயிரும். அளந்துதான் வெட்டினோம், தெரியும். ஆனாலும்.

சாருக்கு எதுவும் ஆகக்கூடாது.

ஜூன் 4

மழை!!

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஆரம்பிச்சது. இடி இருக்கு, இப்ப போக முடியாது. காலைல.

ஜூன் 5

விடியறதுக்கு முன்னாடி கிளம்பிட்டோம், நானும் தம்பியும். இடி நின்னுருச்சு, மழை மட்டும் நிதானமா பெய்யுது, இதைவிட நல்ல நேரம் கிடைக்காது, ஏன்னா காஞ்ச பாதையப் பாத்து தண்ணி எங்க போகும்னு யூகிக்கலாம், ஓடற தண்ணியத்தான் நம்பலாம். கையில புலாஸ்கி. முதல் வளைவுல இலை அடைச்சு குட்டையா நின்னுச்சு, காலால ஒதுக்கி விட்டேன், போயிருச்சு. ரெண்டாவதுல ஓரத்துல சேந்த மண்மேடு, தண்ணி வெளிய போகாம பாதையோட ஓடுது, ரெண்டு எடத்துல வெட்டி விட்டோம். நடக்க நடக்க வெளி ஓரத்துல இப்படி மண்ணு ஏறிட்டே இருக்கும், இதை எடுக்கறதுதான் பராமரிப்புல பாதி.

மூணாவது வளைவு. மேல் தடத்துல தண்ணி வருது, பழுப்பா, வேகமா. எறக்கத்துக்கு வந்ததும் வெளிப்பக்கம் திரும்பி விழுது. பாதிதான்னு நினைச்சேன், முக்கால்வாசி போயிருச்சு. மிச்சம் வளைவுக்குள்ள வந்து வாய்க்காயில சேந்து, பின்பக்கமா, பரப்பின கல்லு மேல பரவி, காட்டுக்குள்ள. கல்லைத் தாண்டினதும் வேகமே இல்ல. கீழ் தடத்துல வானத்துல இருந்து விழற மழை மட்டும்தான், அதுவும் வாட்டத்துல வழிஞ்சு ஓரமா எறங்குது. தம்பி சுவர் பக்கம் குனிஞ்சு, அக்கா இங்க பாருங்க, சந்துல கசியுதுன்னு கத்தினான். கசியட்டும்டா, கசியத்தான் வேணும்னு நானும் கத்தினேன். வீடியோ எடுத்தேன், கை நடுங்கினதுல பாதி ஒண்ணும் தெரியல, பரவாயில்ல, தண்ணி போற சத்தம் கேக்குது.

அக்காவுக்கு அனுப்பிட்டேன். சார் மூணு தடவை பாத்தாராம். சுவருக்கு வலது மூலைல மேல் கல்லுக்குப் பின்னாடி இன்னும் கொஞ்சம் சின்னக்கல்லு ரொப்பச் சொன்னாராம். அந்த நடுங்கற வீடியோவுல அதை எப்படிப் பாத்தாருன்னு தெரியல. ஆனா கண்டிப்பா அங்க குறைச்சல்தான்.

ஜூன் 6

காலைல ஏழு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. மதியம் வரைக்கும் ஆகுமாம்.

வலது மூலை ரொப்பியாச்சு.

ஜூன் 6, ராத்திரி

வெளிய வந்துட்டாரு. கண்ணு முழிக்க நாளைக்கு ஆகலாம். அக்கா அழுதாங்க, நானும்.

ஜூன் 8

நாலாவது வளைவுக்கு மேல மரம் ஒண்ணு குறுக்க விழுந்திருக்கு, பாதி பள்ளத்துக்கு மேல தொங்குது. அழுத்தம் எந்தப் பக்கம்னு பாக்காம ரம்பம் வைக்கக்கூடாது. நாளைக்கு ரெண்டாள் ரம்பம், ஆப்பு நாலு, ஹெல்மெட் எல்லாருக்கும். கீழ பாதைல ஒருத்தர் நின்னு ஆளுங்கள நிறுத்தணும், தம்பிய நிக்கச் சொல்லிருக்கேன். ஆறு மணிக்கு.