அம்மாவும் கித்தா மரமும்

அம்மாவை சிங்கப்பூர் பூமலைக்குக் கூட்டிப்போனது ஆர்க்கிட் பார்க்கத்தான். பொட்டானிக் கார்டன்ஸ் என்றுதான் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் போட்டிருக்கும், ஆனால் இங்கே பழைய ஆட்களுக்கு அது பூமலைதான். செவ்வாய்க்கிழமை மருத்துவ மூலிகைத் தோட்டத்துக்கு விடுமுறை என்பதைப் பார்க்காமல் அன்றைக்கே லீவு போட்டது என் தப்பு.

சரி, மற்றதைப் பார்ப்போம் என்று நடந்தோம். ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து டாலர் நோட்டில் இருக்கிற தெம்புசு மரம், 1859இல் தோட்டம் தொடங்குவதற்கு முன்பிருந்தே நிற்கிறது, தரையை ஒட்டி நீளும் அந்த ஒற்றைக் கிளைக்கு முட்டுக் கொடுத்து வேலி போட்டிருக்கிறார்கள். அம்மா நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டார். இஞ்சித் தோட்டத்தில் அருவிக்குப் பின்னால் புகுந்து வரலாம், நனையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட், தேசிய மலர் வாண்டா மிஸ் ஜோக்கிம் உட்பட எல்லாம் அழகுதான், ஆனால் அரை மணி நேரத்தில் எல்லாப் பூவும் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது எனக்கு.

அப்புறம்தான் அது. நான் கவனிக்காமல் தாண்டிப் போன ஒரு மரத்தடியில் அம்மா நின்றுவிட்டார். "இது நம்ம கித்தா மரம்டா" என்றார், ரப்பர் மரத்தை. பெயர்ப்பலகையைப் படிக்கவேயில்லை, மூன்று மூன்றாக நிற்கும் இலையைப் பார்த்தே சொல்லிவிட்டார். மலேசியாவில் ஜொகூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், அவருடைய அம்மா அப்பா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள்.

1877இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. பிறகு 1888இல் இந்தப் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கோடாரியால் கொத்தாமல் பட்டையை மெல்லிசாகச் சீவினால் திரும்ப வளர்ந்துவிடும், வருஷக்கணக்கில் பால் எடுக்கலாம் என்று இங்கேதான் செய்து காட்டினார். காப்பி பயிரிட்டுக்கொண்டிருந்த துரைமார்களிடம் விதையை நீட்டி நீட்டி 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வாங்கினார். அந்த விதை மலாயா முழுக்கப் பரவியதால்தான் எங்கள் தாத்தா கப்பல் ஏறினார். இதை நான் அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருக்க, அவர் கையை உளி மாதிரி பிடித்து, இடது மேலிருந்து வலது கீழாக, பட்டையில் படாமல் காற்றிலேயே ஒரு கோடு இழுத்தார். "வெயில் ஏறுனா பால் நின்னுரும். இருட்டோடயே பிரட்டுக்கு ஓடுவாங்க. நாங்க பின்னாடி போய் மங்கு துடைப்போம், கோட்டுப்பால் உரிப்போம்." பிரட்டு என்றால் விடியலில் ஆள் கணக்கெடுப்பு, மங்கு பால் வடியும் கிண்ணம், கோட்டுப்பால் வெட்டுக்கோட்டில் உறைந்து ஒட்டிக்கிடக்கும் பால். இவ்வளவு வருஷத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை, நானும் கேட்டதில்லை.

கீழே காய்ந்த இலைக்குள் புள்ளி புள்ளியாக ஒரு கொட்டை கிடந்தது. குனிந்து எடுத்து, நடைபாதை சிமெண்டில் பரபரவென்று தேய்த்து, நான் என்ன என்று கேட்பதற்குள் என் முழங்கையில் வைத்துவிட்டார். சுரீர் என்றது.

"பள்ளிக்கூடத்துல இப்படித்தான் சுடுவோம்" என்று சிரித்தார், கொட்டையை மறுபடி இலைக்குள்ளேயே போட்டுவிட்டு.