எட்டு வீட்டுக் கணக்கு

2024 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைப் பற்றிக் கட்டடத் துறையில் இருப்பவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மீரட் நகரில் குடியிருப்புக்கென ஒதுக்கிய மனையில் அனுமதியின்றிக் கடைகள் எழுந்த வழக்கு அது. இடிக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை உறுதி செய்ததோடு நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலாவும் ஆர். மகாதேவனும் நிற்கவில்லை, நாடு முழுவதற்குமாக நீண்ட நெறிமுறைகளையும் வகுத்தார்கள். ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படியே கட்டடம் முடிந்திருக்கிறது என்று அலுவலகம் தரும் பணி நிறைவுச் சான்றிதழ் வந்த பிறகே வீட்டை ஒப்படைப்பேன் என்று பில்டர் முன்கூட்டியே உறுதிமொழி தர வேண்டும். ஒப்புதல் பெற்ற வரைபடம் வேலை முடியும்வரை கட்டுமான இடத்தில் பார்வைக்கு இருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டாமல் மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்புகளும் தரக்கூடாது. வங்கிகளும் அதைச் சரிபார்த்த பிறகே கட்டடத்தின் மேல் கடன் கொடுக்க வேண்டும். தவறாகச் சான்றளித்த அதிகாரியும் துறை நடவடிக்கையிலிருந்து தப்ப முடியாது.

படிக்கும்போது நிறைவாகத்தான் இருந்தது. ஆனால் சென்னையில் நடுத்தரக் குடும்பத்தினர் வாங்கும் வீடுகளில் ஒரு பெரிய பகுதிக்கு அந்தச் சான்றிதழே தேவையில்லை என்று நம் மாநில விதி சொல்கிறது என்பதை நினைத்ததும் அந்த நிறைவு குறைந்துவிட்டது.

2019-இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், குறிப்பிட்ட உயரத்துக்குள் அடங்கும் சிறு குடியிருப்புக் கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்றிதழிலிருந்து விலக்கு அளித்தன. முதலில் மூன்று வீடுகள்வரை என்றிருந்த அந்த வரம்பு பின்னர் எட்டு வீடுகளாக உயர்ந்தது. மொத்தக் கட்டடப் பரப்பு 750 சதுர மீட்டருக்குள், அதாவது ஏறத்தாழ 8,070 சதுர அடிக்குள் இருந்தால் போதும். இன்னொரு பக்கம், ரெரா எனப்படும் 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, 223 சதுர மீட்டர். மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் தளப்பரப்புக் குறியீடு 2 என்றால் அதில் சுமார் 4,800 சதுர அடி கட்டலாம். தலா 1,200 சதுர அடியில் நான்கு வீடுகள். ஒன்றரை கிரவுண்டில் ஆறு வீடுகள். நங்கநல்லூரிலும் மடிப்பாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் பழைய தனிவீட்டை இடித்துவிட்டு, நில உரிமையாளருக்குப் பாதி, பில்டருக்குப் பாதி என்று ஜாயிண்ட் வென்ச்சரில் எழும் கட்டடம் பெரும்பாலும் இந்த அளவுதான். ரெரா பதிவும் இல்லை, பணி நிறைவுச் சான்றிதழும் இல்லை. திட்ட அனுமதி பெற்ற நாளுக்குப் பிறகு வரைபடத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டிய கட்டாயம் எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

சிவில் பொறியாளராக இருப்பதால், வீடு வாங்குமுன் உறவினரும் நண்பரும் என்னை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டுவது வழக்கம். அண்மையில் அப்படிப் பார்த்த ஒரு கட்டடத்தின் வரைபடத்தில் தூண்களுக்கிடையே கார் நிறுத்தும் ஸ்டில்ட் தளத்துக்கு மேல் நான்கு வீடுகள். பக்கவாட்டு இடைவெளி ஒன்றரை மீட்டர். டேப்பை வைத்து அளந்தபோது ஒரு மீட்டர்கூட முழுதாக இல்லை. அதற்கும் மேலே பால்கனி தளம் துருத்திக்கொண்டிருந்ததால் பக்கத்து வீட்டுக்காரர் சன்னல் கதவை வெளிப்பக்கமாகத் திறக்க முடியாத நிலை. மொட்டை மாடியில் படிக்கட்டுக்கான ஹெட்ரூம் என்று வரைந்த இடம், சமையலறை மேடையும் கழிப்பறையும் கொண்ட ஐந்தாவது வீடாகியிருந்தது. ஸ்டில்ட்டில் நான்காவது காருக்கு வரைந்த இடத்தில் காவலாளிக்கு ஓர் அறை. இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. கீழே மின் மீட்டர் பலகையில் வீட்டு மீட்டர்களை எண்ணி, பொதுப் பயன்பாட்டு மீட்டரை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை வரைபடத்தோடு ஒப்பிட்டாலே பாதி விவரம் வெளியே வந்துவிடும்.

விலக்கு அளித்ததற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மின் இணைப்புக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தபோது, சொந்தப் பணத்தில் கீழே ஒன்று மேலே ஒன்று கட்டிக்கொண்டவர்கள், கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பின் கூடுதல் கட்டணத்தைச் செலுத்திக்கொண்டு அலுவலகப் படியேறியதை நானே பார்த்திருக்கிறேன். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையும் அந்தச் சிரமத்தைக் குறைக்க வந்ததுதான்: 2,500 சதுர அடிவரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுவோர் இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். தான் குடியிருக்கப்போகும் வீட்டைத் தானே கட்டிக்கொள்பவரை நம்பலாம்; மீறினால் முதலில் அவதிப்படுபவர் அவர்தான். விற்பதற்காகக் கட்டுபவரின் நிலை வேறு. அவர் கணக்கை முடித்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். மீறலின் சுமை வாங்கியவர் தலையில் இருக்கும். நம் விதியோ இந்த இருவரையும் பிரித்துப் பார்க்காமல், சதுர மீட்டரையும் வீட்டு எண்ணிக்கையையும் மட்டுமே பார்க்கிறது. கோளாறு இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

ரெரா பதிவு கட்டாயமாகும், ஒன்பது வீடுகள் கொண்ட பெரிய மனைத் திட்டத்தில் வாங்குபவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் வேறுபாடு புரியும். அவர் கொடுக்கும் பணத்தில் 70 விழுக்காடு அந்தத் திட்டத்துக்கான தனிக் கணக்கில் இருக்க வேண்டும். பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் மூவரும் சான்றளித்தால்தான் வேலையின் அளவுக்கேற்ப அதை எடுக்க முடியும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது. மூன்றில் இரண்டு பங்கு வாங்குநர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றிக் கட்டடத் திட்டத்தை மாற்றக்கூடாது. அந்த ஹெட்ரூம் வீடு இந்த இடத்திலேயே அடிபட்டுப்போகும். ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து முறையிட்டால், 30 நாளுக்குள் பில்டர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொன்ன தேதியில் வீடு வராவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் நியூடெக் வழக்கில் உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது. உத்தரவு வாங்கிய பிறகு பணத்தை வசூலிப்பது தனிப் போராட்டம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நான்கு வீட்டுக் கட்டடத்தில் வாங்கியவருக்கு நடைமுறையில் மிஞ்சுவது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்பது 1993-லேயே முடிவான விஷயம். ஆனால் பொதுவாக இரண்டாண்டுக்குள் அங்கே போயாக வேண்டும். வீட்டுக் கூரையில் மழைநீர்க் கசிவு பல நேரங்களில் மூன்றாவது மழைக்காலத்தில்தான் தலைகாட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பணி நிறைவுச் சான்றிதழ் முதன்மையாகப் பார்ப்பது உயரம், இடைவெளி, பரப்பு, வாகன நிறுத்துமிடம் ஆகியவற்றை. தூணுக்குள் இருக்கும் கம்பியை அல்ல. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டி முடிக்கும் தறுவாயில் இடிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடம் திட்ட அனுமதி பெற்றதுதான். ஆகவே சான்றிதழ் இருந்தால் உறுதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மண் பரிசோதனை அறிக்கையையும், கட்டமைப்புப் பொறியாளர் கையொப்பமிட்ட கம்பி வரைபடத்தையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. தயங்கும் பில்டரைவிட, 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று சிரிக்கும் பில்டரிடம்தான் எனக்குக் கூடுதல் பயம்.

மீறலின் விலை உடனே தெரிவதில்லை. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்கிறது அது. முப்பது ஆண்டு கழித்து அந்த நிலைக்கு வரும்போதுதான் ஐந்தாவது வீட்டின் பிரச்சினை தலைதூக்கும். பில்டர் அந்த வீட்டுக்கும் யூடிஎஸ், அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு, எழுதிக் கொடுத்திருந்தால் மற்ற நால்வரின் நிலப் பங்கு அதனால் குறைந்திருக்கும். எழுதிக் கொடுக்காமல் விட்டிருந்தால், பணம் கொடுத்து வாங்கியவருக்கு நிலத்தில் காலணா உரிமை இராது. இரண்டில் எது நடந்திருந்தாலும் வழக்கு நிச்சயம்.

இதற்கு நாடாளுமன்றத்தில் புதிய சட்டம் கொண்டுவர வேண்டியதில்லை. ரெரா சட்டத்தின் 3-ஆவது பிரிவிலேயே, தேவை என்று கருதினால் 500 சதுர மீட்டர், எட்டு வீடுகள் என்ற வரம்பை மாநில அரசு குறைத்துக்கொள்ளலாம் என்று இடம் விடப்பட்டிருக்கிறது. பணி நிறைவுச் சான்றிதழ் விலக்கைச் சொந்தக் குடியிருப்புக்கு மட்டும் என்று சுருக்குவதும் மாநில விதியில் ஒரு திருத்தம் செய்தாலே முடிகிற வேலை. அதுவரை, கட்டுமான ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் சி.எம்.டி.ஏ. எனப்படும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அல்லது உள்ளாட்சியின் முத்திரை பதித்த வரைபடத்தின் நகலை அதன் இணைப்பாகச் சேர்க்கும்படி கேளுங்கள். கடைசித் தவணையைக் கொடுக்குமுன் அந்த நகலோடும் ஒரு டேப்போடும் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள்.