என்னங்க, எப்படி இருக்கு?

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் தமிழில் விளம்பர வாசகம் எழுதும் காப்பிரைட்டராகச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு மசாலாப் பொடி விளம்பர வேலையைக் கொடுத்தார்கள். என்னோடு அதே நாளில் சேர்ந்த நண்பருக்கு சிமெண்ட். இதில் யோசிக்க ஏதாவது இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். "கிச்சன் விஷயம் உனக்குத்தான்மா தெரியும்" என்றார் மேலாளர்.

அப்போது எனக்கு வெந்நீர் போடத் தெரியும். சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே பொடியா, வேறு வேறா என்பதுகூடத் தெரியாது. சிமெண்ட் நண்பரோ திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஆறு வருடம் இருந்தவர். 'அறையில் சமைக்கக் கூடாது' என்று போர்டு தொங்கும் இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு பம்பு ஸ்டவ்வில் கறிக்குழம்பு வைத்தவர். வாசனை வெளியே தெரியாமலிருக்க ஊதுபத்தி கொளுத்தி வைப்பாராம். நான் எழுதிய முதல் சாம்பார் பொடி விளம்பரத்தில் வருகிற மணம், நிறம், பதம் எல்லாமே டீக்கடையில் நின்று அவர் சொன்னவை. என் அப்பா கட்டட மேஸ்திரி. கலவையைக் கையில் எடுத்துப் பார்த்தே தண்ணீர் கூடியிருக்கிறதா என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவள் நான். அதை யாரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முன்னால் பிரீஃப் என்று ஒரு தாள் வரும். யாரிடம் பேசுகிறோம் என்று அதில் ஒரு வரி இருக்கும். எங்கள் தாளில் அது மாறவே மாறாது: 'பெண்கள், வயது 25 முதல் 45, எஸ்இசி ஏ மற்றும் பி'. எஸ்இசி என்பது குடும்பங்களைச் சமூக, பொருளாதார நிலைப்படி பிரிக்கும் வகைப்பாடு. இந்த ஏ, பி எல்லாம் எப்படி வருகிறது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் கேட்டேன். குடும்பத்தில் யார் அதிகம் சம்பாதிக்கிறாரோ அவருடைய படிப்பும் தொழிலும் சேர்ந்துதான் அந்த எழுத்தைத் தீர்மானிக்குமாம். பெரும்பாலான வீடுகளில் அது கணவர். பேசுவது அவளிடம், அவளை எடைபோடுவது அவர் உத்தியோகத்தை வைத்து. 2011-இல் அந்த முறையை மாற்றினார்கள். தொழிலை எடுத்துவிட்டு, வீட்டில் ஃபிரிட்ஜ் உண்டா, வாஷிங் மெஷின் உண்டா என்று எண்ண ஆரம்பித்தார்கள். படிப்பு மட்டும் அப்போதும் அதிகம் சம்பாதிப்பவருடையதாகவே இருந்தது.

என் வேலையில் பாதி, மும்பையில் இந்தியில் எடுத்த விளம்பரப் படங்களைத் தமிழுக்குக் கொண்டுவருவது. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதில் குற்றவாளி நான்.

இந்தியில் 'நீங்கள் சமைக்கிறீர்கள்' என்று சொன்னாலே வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணிடம் சொன்னால் ஒரு விகுதி, ஆணிடம் சொன்னால் வேறு. தமிழில் முன்னிலைக்கு அந்தத் தொல்லை இல்லை. 'சமைக்கிறீர்கள்' என்றால் யாராகவும் இருக்கலாம். மொழியே இலவசமாகக் கொடுத்த வசதி அது. நான் என்ன செய்தேன்? 'இல்லத்தரசிகளே' என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தேன். வானொலி விளம்பரம் என்றால் 'தாய்மார்களே'. இந்தியில் இருந்த பெண்பாலைத் தமிழில் விட்டுவிடக் கூடாதே என்ற அக்கறை! யாரும் சொல்லித்தரவில்லை. அப்படி எழுதினால் வரி 'தமிழாக' இருப்பதாக எனக்கே ஒரு நினைப்பு.

இன்னொன்று, கணவன் மனைவி பேச்சு. இந்திப் படங்களில் இளம் ஜோடி ஒருவரையொருவர் 'தும்' (நம் 'நீ' மாதிரி) என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்து வெகுகாலம் ஆயிற்று. அவளும் 'ஸுனோ' (கேளு) என்பாள், அவனும் 'ஸுனோ' என்பான். என் ஸ்கிரிப்டில் அவள் 'என்னங்க' ஆவாள், அவன் 'ஏம்மா' ஆவான். 'ஸுனோ'வுக்கு முடிவில் உதடு குவியும், 'என்னங்க'வுக்குக் குவியாது. லிப் சிங்க் ஒட்டாது. ஒட்டாததை, அவள் முகம் திரும்பியிருக்கும் ஷாட்டாகப் பார்த்துத் தள்ளிவைத்து ஒட்டவைத்தேன். அந்தத் திறமைக்குப் பாராட்டும் கிடைத்தது.

வடபழனியில் ஒரு டப்பிங் தியேட்டரில் எங்களுக்கு அம்மா, மனைவி குரல் கொடுப்பவர் ஒரு அக்கா. 'என்னங்க, எப்படி இருக்கு?' என்ற வரி எங்கள் படங்களில் பாதிக்கு மேல் வரும். ஒரு நாள் மூன்றாவது டேக்கில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, இதே கேள்விய எத்தன வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு நாளாவது அந்தாளு 'நீ சாப்டியா'ன்னு திருப்பிக் கேக்குற மாதிரி எழுத மாட்டியா?" என்றார். ஸ்டூடியோவில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு நாலாவது டேக் போகலாம் என்றேன்.

பிறகுதான் கவனித்தேன். எங்கள் வழக்கில் 'பைட் ஷாட்' என்று ஒன்று உண்டு. முதல் கவளம் வாய்க்குள் போய், கண் மூடி, முகம் மலரும் அந்த இரண்டு விநாடி. படத்தின் உயிர் அதுதான் என்பார்கள். அதைக் கணவனுக்கு எழுதியிருக்கிறேன், மாமியாருக்கு, பிள்ளைகளுக்கு, திடீரென்று வீட்டுக்கு வரும் கணவனின் மேலதிகாரிக்கு, பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட எழுதியிருக்கிறேன். சமைத்தவளுக்கு எழுதியதே இல்லை. அவள் கையில் கரண்டியோடு நின்று அவர்கள் முகத்தைப் பார்ப்பாள். படப்பிடிப்பில் கணவராக வருபவர் பத்துப் பன்னிரண்டு டேக்குக்கு மென்று மென்று காலடியில் இருக்கும் வாளியில் துப்பிவிட்டுச் சிரிப்பார். மனைவியாக வரும் பெண்ணுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது, அவ்வளவுதான் லாபம்.

கடைசியில் பாக்கெட்டைக் காட்டும்போது வருகிற குரல் ஆண் குரல். 'அதுல ஒரு நம்பிக்கை இருக்கு மேடம்' என்பார் கிளையன்ட். வெள்ளைத் தொப்பி போட்டு 'இதில் இருக்கிறது தரமான மல்லி' என்று சொல்ல வருபவரும் ஆண்தான். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் ஊர்க் கல்யாணங்களில் ஆயிரம் பேருக்கு இலை போடும் சமையல் பெரும்பாலும் ஆண்கள் கையில்தானே இருக்கிறது. கூலி வந்தால் கரண்டி கைமாறிவிடும்.

நான் வாய் திறக்க ஆரம்பித்தபோது கிடைத்த பதில் எப்போதும் ஒன்றுதான்: "வீட்ல பெண்கள்தானே சமைக்கிறாங்க. உள்ளதத்தான் காட்டுறோம்." அது பொய்யில்லை. இந்திய அரசு 2019-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண் ஒரு நாளைக்கு 299 நிமிடம் அதற்குக் கொடுக்கிறார். ஆணுக்கு 97. அதுவும் வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எண்ணினால். சரி, உள்ளதையே காட்டுவோம் என்றேன். அந்த 299 நிமிடத்தில் தொட்டியில் கிடக்கும் பாத்திரம் உண்டு, வியர்வை உண்டு, அடிப்பிடித்த குக்கர் உண்டு. நாம் காட்டுவது கசங்காத புடவையும் சிரிப்புமாக ஒரு 20 விநாடி. பதில் சொன்னவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

2022 ஜூனில் விளம்பரத் தர மன்றம் (ஆஸ்கி என்றால்தான் எங்கள் ஆட்களுக்குப் புரியும்) பாலினப் பொதுப்புத்தி பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அது அரசு அமைப்பு அல்ல, 1985-இல் இந்தத் துறையே தனக்கு வைத்துக்கொண்ட காவல். பெண்ணை அடுப்படியில் காட்டவே கூடாது என்று அதில் இல்லை. அந்த வேலை அவளுக்கு மட்டுமே உரியது என்று சொல்லாதே, வேறு வழியே இல்லை என்பதுபோலக் காட்டாதே, அவ்வளவுதான். உடனே எல்லா கிளையன்ட்டும் ஒரே யோசனையோடு வந்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை கணவன் சமைக்கட்டும்!

எழுதினோம். எல்லா ஸ்கிரிப்டிலும் அவன் மாவைக் கொட்டினான், கடுகு வெடித்து அலறினான், மூக்கில் மஞ்சள் பூசிக்கொண்டான். அவள் வந்து எங்கள் பொடியால் காப்பாற்றினாள். இதற்கு முன்பே, 2019-இல், பிரிட்டனில் பிலடெல்ஃபியா சீஸ் விளம்பரம் ஒன்றைத் தடை செய்திருந்தார்கள். தீனியில் மயங்கி, கைக்குழந்தைகளை உணவு நகரும் பெல்ட்டில் விட்டுவிடும் இரண்டு அப்பாக்கள் அதில் வருவார்கள். ஆண்களுக்குக் குழந்தை வளர்க்க லாயக்கில்லை என்று காட்டுவதும் அதே சங்கதிதான் என்றார்கள். நான் அதைக் கூட்டத்தில் சொன்னபோது, "இது காமெடிங்க" என்று முடித்துவிட்டார்கள். சிமெண்ட் நண்பரிடம் ஸ்கிரிப்டைக் காட்டினேன். "நான் மேன்ஷன்ல ஒரு தடவகூடக் கடுகுக்கு அலறினதில்லையே" என்றார்.

கடைசியாக ஒரு குழம்பு மிக்ஸ் படம் வந்தது. இந்தியில் அவள் வேலையிலிருந்து வருகிறாள், அவன் தட்டை வைத்து 'பைட்டோ' (உட்காரு) என்கிறான், அவள் சாப்பிட்டுவிட்டு, 'தும் பீ பைட்டோ' என்கிறாள். எனக்குப் பிடித்திருந்தது. தமிழில் அவளுக்கு 'நீயும் உட்காரு' என்று எழுதினேன். கிளையன்ட் பதறிவிட்டார். "புருஷன 'நீ'ங்கிறாளே, மரியாதை இல்லாம இருக்கு மேடம்." அவன் அவளை 'உட்காரு' என்பதில் அவருக்குச் சிக்கல் இல்லை. சரி, இருவருக்கும் மரியாதை கொடுப்போம் என்று அவனுக்கும் 'உட்காருங்க' என்று மாற்றினேன். "வீட்டுக்கு வந்த விருந்தாளியா அவ?" என்று கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இரவு ஒன்பது மணி வரை மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஷாட்டையே சாப்பாட்டுக்கு மாற்றி, இரண்டு வரியையும் எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது தாளிக்கிற சத்தம் வருகிறது.