முறுக்காத மூடி

அந்தப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டில், பழைய பதிவேட்டுக் கட்டுகளுக்குப் பின்னால் நின்றது. பழுப்புக் கண்ணாடி, கறுப்புத் திருகு மூடி. லேபிளைப் பூச்சி அரித்திருந்தது. மிஞ்சிய துண்டும் மஞ்சள் பூத்துக் கிடந்தது. மூடிக்குக் கீழே கழுத்தைச் சுற்றி, கற்கண்டுத் தூள் மாதிரி மெல்லிய மஞ்சள் பளிங்குகள். 2012 ஆம் ஆண்டு, சித்திரை வெயில். வன்னியில் ஓர் ஆதார வைத்தியசாலையின் ஆய்வுகூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். திறந்து என்னவென்று பார்த்துவிட்டுத் தொட்டிக்குள் ஊற்றிவிடலாம் என்று மூடியில் கையை வைத்தேன்.

"தம்பி, அதை விடுங்கோ."

எங்கள் சிற்றூழியர் அக்கா, தும்புத்தடியோடு கதவடியில் நின்றார்.

"ஏனக்கா?"

"என்ன சாமான் எண்டு தெரியுமோ?"

"தெரியாது. அதைத்தான் பாக்கப்போறன்."

"தெரியாத சாமானை முறுக்கிப் பாக்கிறேல்லை."

அவர் வைத்தியசாலைக்கு வருவதற்கு முன் மன்னார்ப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். முழங்காலில் குந்தியிருந்து, முகத்துக்குக் கவசம் போட்டுக்கொண்டு, ஒரு நாளைக்குச் சில சாண் நிலத்தைச் சுரண்டிச் சுரண்டிப் பார்க்கிற வேலை. எனக்கும் அந்தப் பயம் தெரியாததல்ல. மீளக்குடியேறிய புதிதில் எங்கள் வளவுக்குள் ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கமாட்டோம். ஆனால் ஆய்வுகூட வாசலில் செருப்போடு சேர்த்து அந்தப் பயத்தையும் கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் நாங்கள் படித்த சாமான்தானே என்ற எண்ணம்.

கையை எடுத்தேன். போத்தலைத் தொடாமல் பதிவேடுகளை மட்டும் மெதுவாக உருவி எடுத்துப் பிரித்தோம். ஒன்றில் விடை இருந்தது. யாரோ ஒருவர் அழகான சாய்ந்த எழுத்தில், சிறுநீரகம் கழிக்கவேண்டிய கிரியற்றினின் என்ற கழிவை இரத்தத்தில் பார்க்கும் பழைய கைமுறையை எழுதி வைத்திருந்தார். நிரம்பிய பிக்றிக் அமிலக் கரைசல் இவ்வளவு, சோடியம் ஐதரொட்சைட்டு இவ்வளவு, கலந்து இத்தனை நிமிடம் வை. வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வெட்கமாகவும் இருந்தது. பிக்றிக் அமிலத்தைப் பற்றி நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியுமிருக்கிறேன்.

பிக்றிக் அமிலம் முதலில் சாயமாகத்தான் உலகத்துக்கு வந்தது. 1771 இல் பீற்றர் வுல்ஃப் என்பவர் அவுரி நீலத்தை நைத்திரிக் அமிலத்தோடு சேர்த்து அதைப் பெற்றார். பட்டுக்கு மஞ்சள் ஏற்ற உதவியது. பெயருக்குக் கிரேக்கத்தில் கைப்பு என்று பொருள். நூறு வருடத்துக்குப் பிறகு அதைக்கொண்டு பீரங்கிக் குண்டுகளை நிரப்பினார்கள். 1917 மார்கழியில் கனடாவின் ஹலிபக்ஸ் துறைமுகத்தில் வெடித்துச் சிதறி ஏறத்தாழ 1,800 பேரைக் கொன்ற கப்பலின் சரக்கில் பெரும்பங்கு இதுதான். ரி.என்.ரி. என்ற வெடிமருந்துக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். தொலுயீனில் மூன்று நைத்திரோக் கூட்டங்கள் ஏறினால் ரி.என்.ரி.; பீனோலில் ஏறினால் பிக்றிக் அமிலம். சகோதரத்துக்குக் குணம் கொஞ்சம் மட்டம். ரி.என்.ரி. ஏறத்தாழ 80 பாகையில் உருகும், வெந்நீர்ச் சூட்டிலேயே உருக்கி வார்க்கலாம், உலோகத்தோடு வம்புக்குப் போகாது. பிக்றிக் அமிலமோ ஈயம், செம்பு என்று கண்ட உலோகத்தோடும் சேர்ந்து தன்னைவிடப் பொல்லாத உப்புகளைப் பெற்றுவிடும். அதனால்தான் படைகள் அதைக் கைவிட்டன. ஆய்வுகூடங்கள் கைவிடவில்லை. தண்ணீரில் நனைந்திருக்கும்வரை அது சாது. காய்ந்துபோனால் அடியும் உராய்வும் ஆகாது. மூடியின் புரிகளுக்குள் காய்ந்த பளிங்கு இருந்தால், மூடியைத் திருகுவதுதான் அந்த உராய்வு.

அக்கா உடனே செய்த வேலைகளை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். என்னை வெளியே வரச் சொன்னார். ஜன்னலை மூடப் போனவரைத் தடுத்தார். எதையும் இழுத்து அடிக்கவேண்டாம் என்றார். வாசலின் குறுக்கே சிவப்புச் சீலைத் துண்டைக் கட்டினார். யார் வந்தாலும் திருப்பி அனுப்ப ஒரு ஆளை நிறுத்தினார். இவ்வளவையும் பிற்காலத்தில் நான் ஓர் ஆங்கிலக் கையேட்டில் வரிசையாக வாசித்தேன். அவருக்கு அது வரப்பு வெட்டுவது மாதிரிப் பழகிய வேலை.

வெடிபொருள் அகற்றும் பிரிவினர் அடுத்த நாள் வந்து, மணல் நிரப்பிய வாளியில் இறக்கி எடுத்துப் போனார்கள். பின்னேரம் காட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அது எங்கள் போத்தலா, வேறு ஏதாவதா, தெரியாது. அந்தக் காலத்தில் வன்னியில் பின்னேரச் சத்தத்துக்கு ஒருவரும் தலை நிமிர்த்துவதில்லை. எனக்கு நித்திரை வராமல் செய்தது வேறொன்று. இடப்பெயர்வுக் காலத்தில் எத்தனை உழவு இயந்திரப் பெட்டிகளில், எத்தனை குன்றும் குழியுமான பாதைகளில், எந்தப் பிள்ளையின் காலடியில் அந்தப் போத்தல் குலுங்கிக் குலுங்கி வந்ததோ என்ற யோசனை.

அந்தச் சாமானைத் திட்டிக்கொண்டே தினமும் அதோடுதான் வேலை செய்கிறேன். இப்போது இயந்திரத்துக்கு வரும் கரைசல் ஐதானது, கரைசலாக இருக்கும்வரை வெடி ஆபத்தில்லாதது. ஆனால் கிரியற்றினின் பார்க்கிற அடிப்படை மாறவில்லை. 1886 இல் மக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் கண்டது அது. காரமாக்கிய பிக்றிக் கரைசலில் கிரியற்றினின் சேர்ந்தால் மஞ்சள் செம்மஞ்சளாக மாறும். சிறுநீரகம் கழிக்கவேண்டியது இரத்தத்தில் தேங்கத் தேங்க நிறம் ஆழமாகும். அந்த ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது, அங்கே பௌதிகவியல் வருகிறது. ஏறத்தாழ 500 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைக் கரைசலூடாக விட்டு, எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்று பார்ப்போம். செறிவு இரட்டித்தால் உறிஞ்சலும் இரட்டிக்கும் என்ற பியர், லம்பேட் விதிதான். உயர்தர வகுப்பில் அந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு மனனம் செய்தேன். ஒரு விவசாயியின் சிறுநீரகம் இன்னும் எத்தனை காலத்துக்கு என்ற கேள்வி அந்த ஒற்றை நேர்கோட்டில் தொங்கப்போகிறது என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

கோடு எப்போதும் நேர்மையாகவும் இருப்பதில்லை. யாஃபேயின் நிறம் கிரியற்றினினுக்கு மட்டும் வருவதல்ல. நீரிழிவு முற்றி இரத்தத்தில் கீற்றோன் ஏறியவருக்கும் அது சிவக்கும். ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வந்த ஒருவரின் முடிவு இரண்டுக்கு மேல் காட்டியது. வளர்ந்தவருக்கு டெசிலீற்றருக்கு 1.2 மில்லிகிராம் வரைக்கும் போகலாம், அவ்வளவுதான். மனைவி வாசலிலேயே அழத் தொடங்கிவிட்டார். அந்தப் பக்கத்தில் சிறுநீரகம் என்ற சொல்லே போதும். சீனியைக் கட்டுப்படுத்திய பிறகு திரும்பப் பார்த்தோம், 1.1. கலந்த முதல் 20 விநாடியைக் கணக்கில் எடுக்காமல் அதற்குப் பிறகு நிறம் ஏறும் வேகத்தைப் பார்த்தால் கீற்றோனின் குழப்பம் பெருமளவு விலகும். புரதம் பிந்தித்தான் கலகம் செய்யும், அதற்குள் அளந்து முடித்துவிடவேண்டும். புதிய இயந்திரங்கள் இந்த நேரக் கணக்கைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. அன்றைக்கு எங்களிடம் இருந்த பழசு பார்க்கவில்லை. இயந்திரம் தந்த எண்ணை மட்டும் நம்பி றிப்போட்டில் கையெழுத்து வைத்தவன் நான்தான்.

இன்னொரு விடயம் நோயாளிகளிடம் சொல்லக் கஷ்டமானது. சிறுநீரகத் தொழிற்பாட்டில் பாதியளவு போகும்வரை கிரியற்றினின் பெரிதாக அசைவதில்லை. "றிப்போட் நல்லம்தானே தம்பி?" என்று கேட்பவருக்கு ஆம் என்று சொல்லும்போது வாய் முழுதாகத் திறப்பதில்லை.

காரணம் கேட்பார்கள். தண்ணியாலயோ? மருந்தடிக்கிறதாலயோ? 1990களில் மதவாச்சி, பதவியா என்று வடமத்தியில் வெளிச்சத்துக்கு வந்த, காரணம் தெரியாத இந்தச் சிறுநீரக நோய் எங்கள் எல்லையிலேயே நிற்கிறது. காட்மியம், ஆசனிக்கு, களைநாசினி, கடினநீரும் புளோரைட்டும் சேர்ந்த கூட்டு, வெயிலில் உடல் வற்ற வற்ற வேலை செய்வது என்று எத்தனையோ கருதுகோள்கள். நிக்கரகுவா, எல் சல்வடோர் கரும்புத் தோட்டங்களிலும் ஆந்திராவின் உத்தானத்திலும் இதே மாதிரி நோய் இருக்கிறது. அங்கெல்லாம் வயலும் வெயிலும் பொது. ஒரே குற்றவாளியைக் கைகாட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்பைக் காட்டி "இதுதான் சேர் காரணம்" என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கும். நான் சொல்வது, வெயிலில் நிற்கும்போது நிறையத் தண்ணீர் குடியுங்கள், குழாய்க்கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள், புளோரைட்டு லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க வேறு தண்ணீர் தேடுங்கள். அவ்வளவுதான்.

இங்கே என் பெரியப்பாவின் கதையையும் சொல்லவேண்டும். அவர் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்னைப் பாய்ச்சினால் எரிசோடாவும் குளோரினும் வரும். ஒரு காலத்தில் நாட்டுக்கே எங்கள் ஊர் அதைச் செய்து கொடுத்தது. 80களின் நடுவில் போர் அதை நிறுத்திவிட்டது. சிறு வயதில் எங்களுக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றுதான். "குளோரின் மணந்தால் ஓடாதே, முதல்ல காத்து எங்காலை எண்டு பார். குறுக்கால போ, மேட்டுக்கு ஏறு." குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், பள்ளத்தில்தான் படுக்கும். 1915 இல் பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் பதுங்குகுழிக்குள் இருந்தவர்களை அது எப்படித் தேடிப் போனது என்பதை நான் பிறகு படித்தேன். பதுங்குகுழி எங்களுக்கும் பழக்கம் என்பதால் அந்தப் பக்கத்தைப் புரட்ட நேரம் எடுத்தது.

அவர் சொன்னது ஒருநாள் விடுதிக் கழிவறையில் உதவியது. புதிதாக வந்த இருவர், கறை போகட்டும் என்று குளோரின் தூள் கரைத்த வாளிக்குள் அமிலத் திரவத்தையும் ஊற்றிவிட்டார்கள்; குளோரின் வாயு கிளம்பியது. இரண்டும் சுத்தம் செய்கிற சாமான், சேர்ந்தால் இன்னும் சுத்தம் என்பது அவர்களின் கணக்கு. குற்றம் சொல்ல முடியாது. இரண்டு கலன்களிலும் கலக்காதே என்று அச்சடித்திருந்தது, ஆங்கிலத்தில். இருமிக்கொண்டு தரையில் குனிந்தவர்களை இழுத்து வெளியே மேட்டில் இருத்தினோம்.

இந்த ஆங்கிலம்தான் எனக்குத் தீராத மனக்குறை. 2003 இல் ஐக்கிய நாடுகள் சபை ஆபத்தான இரசாயனங்களுக்கு அடையாளமிட உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு முறையைக் கொண்டுவந்தது. சிவப்பு வைர வடிவச் சட்டத்துக்குள் ஒன்பது படங்கள். நல்ல வேலை. ஆனால் கூட வரும் பாதுகாப்புத் தாள் பத்துப் பன்னிரண்டு பக்க ஆங்கிலம். அதை வாசிக்கத் தெரிந்தவன் நான். போத்தலைக் கழுவுவது, கழிவைக் கொட்டுவது, உடைந்ததைக் கூட்டுவது அக்கா. கையுறை கொடுத்திருக்கிறோம்தானே என்பார்கள். 1996 இல் அமெரிக்காவில் கேரன் வெட்டர்ஹான் என்ற இரசாயனப் பேராசிரியையின் கையுறையில் இருமெதைல் இரசம் என்ற பாதரசச் சேர்வை சில துளி சிந்தியது. றப்பர் கையுறையை அது விநாடிகளில் ஊடுருவும் என்று அன்றைக்கு அவருக்கும் தெரியாது. பத்து மாதத்தில் போய்விட்டார். பார உலோகங்களின் நச்சை ஆராய்வதே அவர் தொழில். கையுறையைப் பற்றி யாராவது தைரியமாகப் பேசும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.

பிக்றிக் போத்தலுக்குப் பிறகு நானும் அக்காவும் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லா அலுமாரியையும் பார்த்து முடித்தோம். அப்போது அகப்பட்டது இரண்டாவது வெடி. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சில பரிசோதனைக் கரைசல்களில் பழுதாகாமலிருக்கச் சோடியம் அசைட்டு சேர்ப்பார்கள், ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டில். தொட்டியில் ஊற்ற ஊற்ற அது குழாயிலுள்ள ஈயத்தோடும் செம்போடும் சேர்ந்து சிறுகச் சிறுகப் படியும். ஈய அசைட்டு என்ன என்று அக்காவைக் கேட்டேன். அவருக்குப் பெயர் தெரியாது. வெடி பற்றவைக்கும் அந்தச் சின்னக் குழாய்க்குள் இருக்குமே என்றதும் "டெற்றனேற்றரோ?" என்று நிமிர்ந்தார். எங்கள் தொட்டியில் தண்ணீர் வடிகிற வாய் பித்தளை, செம்பு கலந்தது. எத்தனை வருடமாக ஊற்றியிருக்கிறார்களோ.

நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு என்கிறது பாதுகாப்புத் தாள். தண்ணீர் நிறைய இருக்கிற நாட்டில் எழுதியது. ஆவணி மாதம் எங்களுக்கு பவுசரில் வரும்; பிரசவ விடுதிக்குப் போக மிஞ்சியதுதான் ஆய்வுகூடத்துக்கு. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறோம் என்று அலுவலகத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தது. கடைசியில் அக்காதான் வழி சொன்னார். தொட்டிக்குள் ஊற்றவே வேண்டாம், பிளாஸ்டிக் கானில் சேர்ப்போம், கழிவோடு முறையாக அனுப்புவோம். தமிழில் பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னேன். எழுதினார். எழுத்துக்கு மேலே சிவப்பு மார்க்கரால் மண்டையோடும் இரண்டு எலும்பும் கீறினார், மிதிவெடிப் பலகையில் இருப்பதே மாதிரி.

"அக்கா, வெடிக்கிறதுக்கு வேற படம் இருக்கு. குண்டு சிதறுற மாதிரி."

"அதை இஞ்ச ஆருக்கு விளங்கும் தம்பி? இதைக் கண்டா சின்னப் பிள்ளையும் நிக்கும்."

அறைக்குப் போய்ச் சோடியம் அசைட்டின் தாளை எடுத்துப் பார்த்தேன். விழுங்கினால் உயிராபத்து என்று போட்டு, பக்கத்தில் படம். மண்டையோடும் இரண்டு எலும்பும்தான்.