நெருப்பு சுடவில்லை என்றால்

பிரான்சின் பகுதியான ரீயூனியன் தீவில், சேன்-தாந்த்ரே நகரத்துப் பள்ளியொன்றில் நான் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் திடலில் நான் நடத்தும் நடைப்பயிற்சிக்கு, சர்க்கரை நோயுள்ள ஓர் அம்மா தம் மருத்துவர் எழுதிய சீட்டோடு வந்து சேர்ந்தார். அவர் ஆண்டுதோறும் பதினெட்டு நாள் விரதமிருந்து தீ மிதிப்பவர். இப்போதெல்லாம் நெருப்பே சுடுவதில்லை என்று அவர் தீவின் கிரியோல் மொழியில் சொன்னபோது, புதுச்சேரியில் பிறந்து வளர்ந்த நானும் அதை அம்மன் அருள் என்றே எடுத்துக்கொண்டேன். மூன்றாம் வாரம், காலணிக்குள் கிடந்த சிறு கல் அவருடைய குதிகாலைப் புண்ணாக்கியிருந்தது. வலி தெரியாததால் அவர் சொல்லவில்லை. பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. வீட்டுக்கு வரும் செவிலியர்தான் கண்டுபிடித்தார்.

சர்க்கரை நோய் பாதத்தின் உணர்வைக் கெடுத்துவிடும் என்பதும், அதை மெல்லிய நைலான் இழை ஒன்றால் சோதித்துவிடலாம் என்பதும், இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா-பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவரின் உழைப்பை நாடித்துடிப்பை மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதும், இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கு நடந்து முடித்துப் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரை தாழக்கூடும் என்பதும் அதன் பிறகு நானாகத் தேடிப் படித்தவை. கைப்பந்து கற்பிக்க இவை தேவைப்பட்டதில்லை.

உடற்பயிற்சியை மருத்துவர் சீட்டில் எழுத வழிசெய்த பிரெஞ்சுச் சட்டம் 2016 சனவரியில் வந்து, 2017 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. 2022-இல் அது மேலும் பலருக்கு விரிந்தது. உடல் இயக்கம் கடுமையாகக் குறைந்தவர்களை இயன்முறை மருத்துவர் போன்றோரே முதலில் கவனிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மற்றவர்களுக்காக, விளையாட்டு அறிவியல் பட்டத்திலேயே நோயாளிகளுக்கு ஏற்ப மாற்றியமைத்த உடற்பயிற்சியைக் கற்பிக்கும் ‘ஆ-பே-ஆ’ (APA) என்னும் தனிப் பிரிவு உண்டு. நான் படித்தது கல்விப் பிரிவு. என்னைப் போன்றோர் பல்கலைக்கழகங்கள் தரும் குறுகிய பட்டயம் ஒன்றைப் படிக்கலாம். அல்லது 2002 முதல் உள்ள முறைப்படி, பணி அனுபவத்தைக் காட்டிப் பட்டம் கோரலாம். ஆனால் அந்த அனுபவம் இதே துறையில் பெற்றதாக இருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவனைத்தான் தண்ணீரில் இறக்குவோம் என்பது போன்ற நிபந்தனை அது.

பிரேசிலின் ஏற்பாட்டைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அங்கே தேசிய சுகாதார மன்றம் 1997-இலேயே உடற்கல்வியினரைச் சுகாதாரத் தொழிலினராக ஏற்றுக்கொண்டது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, அவர்கள் பொதுச் சுகாதார நிலையங்களில் செவிலியர், உணவியலாளர், உளவியலாளர் ஆகியோருடன் இரண்டாண்டுகள் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். வாரத்துக்கு 60 மணி நேரம் என்பது கொடுமைதான்; ஆனாலும் புண்ணைக் கண்டுபிடிக்கும் செவிலியரின் பக்கத்தில் நின்று கற்பதற்கு எந்த வகுப்பறையும் ஈடாகாது. இங்கோ மருத்துவர் சீட்டு எழுதினாலும் அரசுக் காப்பீடு பொதுவாக அந்தப் பயிற்சிக்குப் பணம் தருவதில்லை. அதனால் முறையாகப் படித்துவிட்டு வரும் இளைஞர்களுக்கும் நிலையான வேலை கிடைப்பது எளிதாக இல்லை.

நான் பட்டயத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன். மருத்துவர் சீட்டோடு வருபவர்களைச் சேர்ப்பதை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு தீ மிதிக்கலாமா என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். நெருப்பு சுடுவதில்லை என்று என்னிடம் சொன்னதை மருத்துவரிடமும் அப்படியே சொல்லிவிட்டு, அவரிடமே கேளுங்கள் என்றேன்.