ஹவியேர்: சவேரியார் பிறந்த கோட்டையும் அதற்குரிய குடும்பமும்

கோட்டாற்றிலும் மணப்பாட்டிலும் திருவிழாக் கண்டு வளர்ந்த நமக்குச் சவேரியார் என்றால் சிலுவையை உயர்த்திப் பிடித்துக் கடற்கரையில் நிற்கும் துறவிதான் நினைவுக்கு வருவார். அவர் ஒரு பிரபுக் குடும்பத்தின் கடைக்குட்டி என்பதும், அந்தக் குடும்பம் அவருடைய சிறுவயதிலேயே நொடித்துப்போனது என்பதும் நம் மறையுரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அவர் பிறந்த ஹவியேரில் தவக்காலத்தில் நின்றபோது, அந்த வீழ்ச்சியை அறியாமல் அவருடைய துறவைப் புரிந்துகொள்ள முடியாது என்றே எனக்குப் பட்டது.

ஹவியேர் ஸ்பெயினின் வடக்கே, நவார்ரா மாநிலத்தில், அரகோன் எல்லையை ஒட்டி இருக்கிறது. ஊரில் வாழ்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனால் மார்ச் மாதத்தில் மாநிலம் முழுவதிலுமிருந்து மக்கள் கால்நடையாக இங்கே திரள்கிறார்கள். இந்த நடைப்பயணத்துக்கு ஹவியேராதா என்று பெயர். 1885-இல் வாந்திபேதி பரவியபோது செய்துகொண்ட நேர்ச்சையிலிருந்து தொடங்கிய வழக்கம் இது. 50 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள பம்ப்லோனாவிலிருந்தே நடந்து வருவோர் உண்டு. நான் பலரையும் போலச் சாங்குவேசாவில் சேர்ந்துகொண்டேன். அங்கிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம், ஒவ்வொரு தலத்திலும் நின்று செபித்துச் சிலுவைப்பாதை செய்தபடியே கோட்டையை அடைகிறார்கள். முதியவர்களும் கைக்குழந்தைக்காரர்களும்கூட அந்த ஏற்றத்தில் சலிப்பில்லாமல் நடந்ததைப் பார்த்தபோது, அது பழகிய பக்தியாகவே தெரிந்தது.

அந்தக் கோட்டை எல்லைக்காவலுக்காக எழுந்தது. 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரகோன் பிரபு ஒருவர் வாங்கிய கடனுக்கு ஈடாக அது நவார்ரா அரசரின் கைக்கு வந்தது; 1236-இல் சாதா குடும்பத்துக்கு அளிக்கப்பட்டு, தலைமுறைகள் கடந்து மரியா தெ அஸ்பில்குவேத்தா என்னும் பெண்மணியின் உரிமையானது. அவருடைய கணவர் ஹுவான் தெ ஹாசோ, பொலோஞாவில் சட்டம் பயின்று, நவார்ராவின் அரச மன்றத் தலைவராக உயர்ந்தவர். ஆகவே கோட்டையும், ஹவியேர் என்ற ஊர்ப்பெயரிலிருந்து வந்த, நாம் சவேரியார் என்று அழைக்கும் அந்தப் பெயரும் தாய்வழிச் சொத்தாகும். 1506 ஏப்ரல் 7-ஆம் நாள் பிறந்த பிரான்சிஸ் (சவேரியார்) இந்தத் தம்பதியின் கடைசிப் பிள்ளை.

1512-இல் அண்டை அரசான காஸ்தீலின் படைகள், அதுவரை தனி அரசாக இருந்த நவார்ராவைக் கைப்பற்றின. 1515-இல் தந்தை இறந்தார். மறுஆண்டு, இழந்த அரசை மீட்க நடந்த முயற்சி தோற்றவுடன், அப்போது காஸ்தீலின் ஆட்சிப் பொறுப்பிலிருந்த கர்தினால் சிஸ்னேரோஸின் ஆணைப்படி கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன, கோபுரங்கள் குறைக்கப்பட்டன, அகழி தூர்க்கப்பட்டது. குடியிருக்கும் பகுதி மட்டுமே விட்டுவைக்கப்பட்டது. தம் வீடு இடிபடுவதை அப்போது பத்து வயதுச் சிறுவனாக இருந்த பிரான்சிஸ் பார்த்திருக்க வேண்டும். அண்ணன்மார் மிகேலும் ஹுவானும் பழைய அரச வம்சத்தின் பக்கம் நின்று தொடர்ந்து போரிட்டனர். 1521-இல் அவர்கள் சேர்ந்திருந்த தரப்பு பம்ப்லோனாவை முற்றுகையிட்டபோதுதான், எதிர்த்தரப்பில் நின்று அந்நகரக் கோட்டையைக் காத்த, பின்னர் இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியாரின் கால் பீரங்கிக் குண்டால் நொறுங்கியது. பின்னாளில் பாரிஸில் அந்த இஞ்ஞாசியாரிடமே பிரான்சிஸ் மனம் கொடுத்தார் என்பதை எண்ணும்போது, இறைவனின் திட்டம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? அண்ணன்மாருக்கு 1524-இல் மன்னிப்புக் கிடைத்தது. 1525-இல் தம்பி படிப்பதற்காகப் பாரிஸுக்குப் புறப்பட்டார்.

அவர் தொடக்கத்திலேயே துறவியாகிவிடவில்லை. 1531-இல் பாரிஸிலிருந்தபடியே, தம் உயர்குடிப் பிறப்பை உறுதிசெய்யும் சான்றிதழைக் கேட்டு விண்ணப்பித்தார். திருச்சபையில் நல்லதொரு பதவியைப் பெற அது உதவும். பம்ப்லோனாவில் அதற்குச் சாதகமான தீர்ப்பு வந்த ஆண்டு 1536. ஆனால் 1534 ஆகஸ்ட் 15-இலேயே மோன்மார்த்ர் குன்றில் இஞ்ஞாசியாரோடும் மற்ற தோழர்களோடும் அவர் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டிருந்தார். இந்தியாவுக்குப் புறப்படும் வழியில் வீட்டருகே வந்தும் தாயைப் பார்க்காமலே சென்றார் என்று பக்திக் கதை ஒன்று சொல்வார்கள். தாய் 1529-இலேயே இறந்துவிட்டார். சவேரியார் ரோமிலிருந்து லிஸ்பனுக்குப் பயணமானதோ 1540-இல். புனிதரின் பெருமைக்கு இப்படிப்பட்ட கதை தேவையில்லை.

கோட்டைக்குள் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது பாடுபட்ட சுரூபம் இருக்கும் சிறு கோபுர அறை. அக்ரூட் மரத்தில் செதுக்கிய அந்தக் கோத்திக் காலத்துக் கிறிஸ்துவின் முகத்தில் வேதனையோடு மெல்லிய புன்னகையும் இருக்கிறது. சுற்றுச் சுவர்களில் எலும்புக்கூடுகள் ஆடும் மரண நடனம் தீட்டப்பட்டிருக்கிறது. சவேரியார் உயிர்நீத்த 1552-இல் இச்சுரூபம் குருதி வியர்த்தது என்பது வழிவழி நம்பிக்கை. சவேரியார் முத்துக்குளித்துறைக் கிராமங்களில் தமிழில் சொல்லிக்கொடுத்த விசுவாசப் பிரமாணத்தை, அதே தமிழில், அவர் சிறுவயதில் வணங்கிய இந்தச் சுரூபத்தின் முன் முழந்தாளிட்டுச் சொன்னேன்.

வெளியே, அவர் பிறந்ததாகக் கருதப்படும் மாளிகைப் பகுதியின் மேல் பசிலிக்கா நிற்கிறது. கோட்டையின் உரிமை மரபுவழியாக வந்தடைந்த வில்லாஎர்மோசா சீமாட்டி, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தம் செலவில் கோட்டையைச் செப்பனிட்டு, இந்தப் பசிலிக்காவையும் கட்டி, இடத்தை இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார். இன்று நாம் காணும் உயர்ந்த கோபுரங்கள் அடுத்த நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டவை. எனவே படத்துக்கு அழகாகத் தெரியும் அந்தக் கோட்டை முகப்பைச் சவேரியார் விட்டுச்சென்ற வீடாக எண்ணிவிடக் கூடாது. அருகிலுள்ள மரியன்னை பங்குக்கோவிலில் அவர் திருமுழுக்குப் பெற்ற கல்தொட்டி இருக்கிறது; கூட்டத்தில் பலர் இதைத் தவறவிட்டுவிடுகிறார்கள்.

சவேரியாருக்கான ஒன்பது நாள் செபமாகிய அருள் நவநாள் மார்ச் 4-இல் தொடங்கி, அவர் 1622-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட நாளான 12-இல் முடிகிறது. அந்த நாள்களில் செல்வோர் கோட்டை முன்புறத் திடலில் நடக்கும் திருப்பலியில் பங்குபெறலாம்; சுரூபத்தின் முன் தனித்துச் செபிக்க விரும்புவோர் கூட்டமில்லாத வேறொரு நாளைத் தேர்ந்துகொள்வது நல்லது.