கூத்துப் பதிவில் ஜால்ராவைத் தேடிய மூன்று மாதங்கள்

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் திருவிழாவில் நடந்த தெருக்கூத்தை என் மகன் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்தான். ஆர்மோனியமும் மத்தளமும் நன்றாகக் கேட்டன. முகவீணை (நாதஸ்வரம் போன்ற சிறிய ஊதுகருவி) விட்டுவிட்டுக் கேட்டது. ஜால்ரா இருப்பதே தெரியவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கிரானைட் பட்டறையில் கல் அறுக்கும் இயந்திரத்தருகே 22 ஆண்டுகள் காதில் எதுவும் வைக்காமல் நின்றதற்கு வந்த வினை இது. ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடம், எண் கூடக் கூடக் காது மந்தம்) 500 ஹெர்ட்ஸில் 20 டெசிபல், 2000இல் 45, 4000இல் 70, 8000இல் 55 என்று வந்தது. இரைச்சலால் கெட்ட காதில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் பள்ளம் முதலில் விழும். ஜால்ராவின் ஒலியும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

சோதித்துப் பார்க்க ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டேன். பதிவின் 14ஆம் நிமிடத்தில் விருத்தம் முடிந்து தரு (தாளத்தோடு பாடும் பாட்டு) தொடங்குகிறது; விருத்தத்தில் தாளம் கிடையாது என்பதால், ஜால்ரா நுழையும் கணம் எதுவென்று ஐயமில்லாமல் தெரியும்.

முதல் வாரம் நான் செய்தது முட்டாள்தனம். ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியளவை முழுதாக ஏற்றி, ஒவ்வொரு அதிர்வெண்ணையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் 4000 ஹெர்ட்ஸையும் உச்சத்தில் வைத்து நாற்பது நிமிடம் கேட்டேன். இரண்டு நாள் காதுக்குள் சில்வண்டு கத்தியது. காது பரிசோதகர் விளக்கியபோதுதான் புரிந்தது: நமக்கு மெதுவாகக் கேட்கிறது என்பதற்காக உள்ளே போகும் ஒலி குறைந்துவிடுவதில்லை, மிஞ்சியிருக்கும் நுண்மயிர்ச் செல்களை அது முழு வலுவோடுதான் தாக்குகிறது. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், 88 டெசிபலுக்கு 4 மணி, 91க்கு 2 மணி என்று மூன்று டெசிபலுக்கு ஒருமுறை நேரம் பாதியாகிறது. 100 டெசிபலில் கால் மணி நேரந்தான். போதாக்குறைக்கு, இத்தகைய காதில் மெல்லிய ஒலி கேட்காது. சற்றே கூட்டினால் சட்டென்று கூசும்.

அடுத்து, ஏற்றுவதற்குப் பதில் இறக்கிப் பார்த்தேன். 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே 6 டெசிபல் குறைத்து, 2000இல் 4, 4000இல் 9 கூட்டி, கூட்டிய ஒலி சிதறாமலிருக்க மொத்த அளவை 10 டெசிபல் தணித்தேன். கைப்பேசியிலேயே ஒலியளவுக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அதைத் திறக்கும் எண்ணை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன். (இரவு பதினொரு மணிக்குக் கேட்டால் தர மாட்டாள், அந்த ஏற்பாட்டின் நோக்கமே அதுதான்.) மத்தளத்தின் கனம் குறைந்ததில் எனக்கு வருத்தமே, ஆனால் முகவீணை தெளிவாயிற்று.

காது மெஷினோடு கேட்டது வேறு கதை. முகவீணை ஒரே சுரத்தில் நின்றால் அது நடுங்கி அலைவது போலக் கேட்டது. மெஷின் தன்னுடைய 'கீச்' சத்தத்தை அடக்க வைத்திருக்கும் ஏற்பாடு, நீண்ட சுரத்தையும் அந்தக் கீச்சென்றே எண்ணிக்கொள்கிறதாம். பேச்சுக்கு உதவுவது இசைக்கு இடைஞ்சல். பரிசோதகர் அந்த அடக்கலைக் குறைத்து, இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றை மெஷினில் சேர்த்துக் கொடுத்த பிறகு நடுக்கம் பெருமளவு நின்றது.

மூன்றாம் மாதம் ஹெட்ஃபோனை வைத்துவிட்டு மெஷினோடு ஸ்பீக்கருக்கு மாறினேன். முன்பு நான்கு மீட்டர் தள்ளி அலமாரி மேல் இருந்ததை நாற்காலிக்கு ஒரு மீட்டரில் முக்காலியில் வைத்து, மின்விசிறியை நிறுத்தினேன். சுவரில் மோதி வரும் எதிரொலியைவிட நேரொலி வலுவாக வந்து சேர்வதால், ஒலியைக் கூட்டாமலே தெளிவு கூடியது. நாற்காலியில் தலை இருக்கும் உயரத்தில் கைப்பேசிச் செயலியால் அளந்தால் 70 டெசிபலை ஒட்டியே நிற்கிறது. அந்தச் செயலி துல்லியமானதன்று, ஆனாலும் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிடப் போதும்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை 14ஆம் நிமிடத்தை மீண்டும் ஓட்டினேன். விருத்தம் இழுத்து நின்றது, ஆர்மோனியம் சுருதியைப் பிடித்திருந்தது, தரு எடுத்ததும் 'ட்ச், ட்ச்' என்று ஏதோ தட்டியது. “ஜால்ராதானே அது?” என்று கேட்டேன். “அதேதாங்க, ஆனா உங்களுக்கு ஜிங்குனு கேக்கலையா?” என்றாள் மனைவி. கேட்கவில்லை. தட்டு மட்டும் வந்திருக்கிறது, ரீங்காரம் வரவில்லை. அடுத்த மாதம் 3000 ஹெர்ட்ஸை மட்டும் இரண்டு டெசிபல் கூட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.